ஜப்பான் கடை அல்போன்ஸ்

காடி கலந்த தண்ணீரில் கையை நனைத்து, பட்டென்று ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் அல்போன்ஸ் சோற்றைத் தொடுவார். ஒரு கட்டைவிரல் அளவுச் சோறு. அதை இடது கைக்குள் வைத்து இரண்டு அமுக்கு. சீவிய வஞ்சிரத் துண்டின் அடியில் கடுகு விழுதை விரலால் ஒரு தீற்றல் தீற்றிச் சோற்றின்மேல் படுக்க வைப்பார். எதிரே பெஞ்சில் இருப்பவரின் இலைத் துண்டில் அதை வைத்துவிட்டு, "ஒடனே வாயில போடுங்க முசியே, பேச்செல்லாம் அப்பறம்" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொல்வார். போடாமல் கதை பேசுகிறவரைக் கண்டால் அவர் முகம் கடுத்துவிடும். வந்தவர் தின்று முடிக்கிறவரை அடுத்ததைப் பிடிக்கமாட்டார். அவசரக்காரர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது.

குருசுக்குப்பத்துக்குப் போகிற வழியில் அவர் வீட்டு முன்னறைதான் கடை. ஒரு நீளப் பலகை, ஒரு பெஞ்சு, வாசலில் ஒரு நீலத் துணி. பெயர்ப் பலகை கிடையாது. ஊரார் ஜப்பான் கடை என்கிறார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. சின்னச் சின்னத் தட்டுகளில் எள் தூவிக் காடியில் ஊறிய வெள்ளரி, வறுத்த நெத்திலி, சர்க்கரை போட்டுச் சுருட்டிய முட்டை என்று வரும். பச்சை மீனுக்குத் துணியாதவர்களுக்கு அதன்மேல் கொதிநீரை ஊற்றிக் கொடுப்பார். கொடுக்கும்போது ஒரு பெருமூச்சும் விடுவார்.

வெள்ளிக்கிழமைகளில்தான் கூட்டம். அன்று இறைச்சி தொடாத கிறிஸ்தவர்கள் வருவார்கள். சைகோனில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பென்ஷன்காரர்கள் வந்து, அந்தக் காலத்தில் தாங்கள் தின்றதையெல்லாம் அளப்பார்கள். ஆலைத் தொழிலாளி முருகையன் முதல்முறை வந்தபோது இலையைக் குனிந்து பார்த்து, "இன்னாய்யா, அடுப்பு மூட்ட மறந்துட்டியா?" என்றான். இப்போது வெள்ளி தவறாமல் வருகிறான். கேட்டால் நெத்திலிக்காக என்கிறான்.

அல்போன்ஸ் பிரெஞ்சுக் கப்பலொன்றின் சமையலறை வேலைக்குப் போனவர். காய்ச்சல் கண்டு ஜப்பானின் கோபே துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். அடுத்த கப்பலில் வருகிறேன், அடுத்த கப்பலில் வருகிறேன் என்று எழுதியே, அங்கே ஒரு சந்துச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்று ஆறு வருஷம் தங்கிவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில்தான் ஊர் திரும்பினார். இன்றும் மழை இருட்டினால் போதும், அந்தச் சந்து அவர் கண்முன் வந்து நிற்கிறது. ஈரக் கல் பாவிய தரை, கரி அடுப்பின் புகை, கப்பல் சங்கு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு பலகையில் தின்கிற மூட்டைக்காரர்கள். அவர்கள் போகும்போது வாசலில் தொங்கும் துணியில் விரலைத் துடைத்துவிட்டுப் போவார்கள். துணி எவ்வளவு அழுக்கோ, கடைக்கு அவ்வளவு நல்ல பெயர்.

இங்கே அவர் மனைவி அகஸ்டினா சனிக்கிழமைதோறும் அந்தத் துணியை அடித்துத் துவைத்துவிடுகிறாள். "என் கட மானத்தயே தொவச்சிப் புடறியே" என்று புலம்புவார். "அழுக்குத் துணிய வாசல்ல கட்டி வெச்சா கோயிலுக்குப் போறவங்க இன்னா சொல்வாங்க?" என்று அவள் உதறுகிற உதறலில் தண்ணீர் இவர் மேல்தான் தெறிக்கும்.

ஊரில் யார் யாரோ வந்து தின்கிற அந்தப் பெஞ்சில் உட்கார வைத்துப் பரிமாற அவருக்கு ஆசை ஒரே ஒருத்திக்குத்தான். அகஸ்டினாவுக்கு. அவளோ எல்லாரும் தின்ற பிறகு அடுக்களையில் தின்கிறவள். "இருந்தா மூடி வைங்க, அப்பறமா துன்னுக்கறேன்" என்பாள். மூடி வைத்தால் சோறு விறைத்து, மீன் சோர்ந்து, அது வேறு பண்டமாகிவிடும். அவர் மூடி வைப்பதில்லை, அவள் தின்றதுமில்லை. ஒருமுறை வந்து உட்கார் என்று கெஞ்சினால், "நீங்க நின்னு போட, நான் ஒக்காந்து துன்றதா? நல்லா இருக்குது ஞாயம்" என்று உள்ளே போய்விடுவாள்.

அது மட்டும் காரணமில்லை என்பதும் அவருக்குத் தெரியும். சும்மாவா ஓர் ஆண்பிள்ளை ஆறு வருஷம் அந்நிய ஊரில் தங்குவான் என்று அவள் அக்கம்பக்கத்தில் புலம்பியிருக்கிறாள். அவரிடம் மட்டும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? மனிதர் தவித்துப்போனார்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. குப்பத்துக் கண்ணையன் காலையில் ஒரு பாரை மீனைக் கொண்டுவந்து போட்டு, "இன்னும் வாலாட்டுது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். சோற்றில் காடி கலந்து, மீனைச் சீவி முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வீதியில் வெள்ளம் ஓடியது. பெஞ்சில் ஓர் ஆள்கூட இல்லை.

அகஸ்டினா எட்டிப் பார்த்தாள். "இனிமே யாரு வரப் போறாங்க? குடுங்க, கொழம்பாவது வெக்கறேன்."

"இத்தக் கொழம்பு வெப்பியா?" என்று அல்போன்ஸ் சீறிவிட்டார். அவளிடம் குரல் உயர்த்தியே அறியாதவர்.

அவளும் வெடித்தாள். "அவ சொல்லிக் குடுத்ததுன்னா அவ்ளோ ஒசத்தியா? யாரு அவ? இன்னிக்காவது சொல்லுங்க!"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. அப்பாடா, கேட்டுவிட்டாளே என்றிருந்தது.

"அவ இல்ல, அவரு. அந்தக் கடைக்காரரு. எல்லாரும் போனப்பறம் பொஞ்சாதியக் கூப்ட்டு பெஞ்சில ஒக்கார வெப்பாரு. பாவம், நாள் பூரா உள்ள சோறு வடிச்ச பொம்பள. 'வாங்கம்மா, இன்னா வேணும்'னு பெரிய மனுஷிய கேக்கறாப்ல கேப்பாரு. அந்தம்மா வெக்கப்பட்டு சிரிக்கும். ஒண்ணொண்ணா புடிச்சு வெப்பாரு. நான் பாத்தரம் தேச்சிக்கினே பாப்பேன்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒன் நெனப்புதான். ஊருக்குப் போயி ஒன்ன இப்பிடி ஒக்கார வெக்கணும்னுதான் கத்துக்கினேன்."

"அதுக்கு ஆறு வருஷமா?"

"மொத மூணு வருஷம் அரிசி கழுவத்தான் வுட்டாரு."

அகஸ்டினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. "அத்தக் கடுதாசில எழுதித் தொலைக்கறதுக்கு இன்னா?"

"வெக்கமா இருந்துச்சு."

அவள் வீதியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வந்து பெஞ்சின் ஓரத்தில், யாராவது வந்தால் எழுந்துவிடுகிற மாதிரி, பட்டும் படாமல் உட்கார்ந்தாள்.

அல்போன்ஸ் கையை நனைத்து ஒரு தட்டுத் தட்டினார். முதல் பிடி உதிர்ந்துபோக, மறுபடி பிடித்து அவள் இலையில் வைத்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயில் போட்டாள். கடுகு மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. மெதுவாக மென்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

அகஸ்டினா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, வெறும் இலையை இரண்டு விரலால் அடுத்ததுக்காக அவர் பக்கம் நகர்த்தினாள்.