மடியில் கிடத்திய கிட்டார்

அகஸ்டினாவுக்கு முப்பத்தேழு வயதாக இருந்தபோது, தேயிலை ஸ்டோர் என்ற தொழிற்சாலையில் கொழுந்து சுருட்டும் ரோலர் அவளுடைய இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டுபோனது. கொஸ்லந்தைக்கு மேலே உள்ள தோட்டத்துச் சிற்றாலயத்தில் பதினைந்து வருடமாக ஞாயிறு பூசைக்குக் கிட்டார் வாசித்தவள் அவள். காயம் ஆறியதும் மூன்று நாள் முயன்று பார்த்தாள். கம்பிகளை அழுத்த மிச்சமிருந்த விரல்கள் போதவில்லை. நான்காம் நாள் கிட்டாரைத் துணியில் சுற்றி அலுமாரி மேல் வைத்துவிட்டாள்.

பாடற்குழுவை நடத்தும் ஜீவராஜ் மாஸ்டர், தானே தாளம் போடும் கீபோர்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். "நீங்க பாடுங்கக்கா, அது போதும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவளுக்கோ அது தைத்தது.

அடுத்த வருடம் பதுளை ஆஸ்பத்திரியில் கையைக் காட்டிவிட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முன்ஸிப் நானா என்பவரின் பழைய சாமான் கடைக்குள் ஒதுங்கினாள். ஏதோ ஒரு பங்களாவிலிருந்து வந்த இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. மழை விடும்வரை புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றின் முன்பக்கம் தொப்பி போட்ட ஒருவன் வேலியில் சாய்ந்து நின்றான். பின்பக்கம் வாத்தியக்காரர்களின் சின்னப் படம். அதில் ஒரு பெண் கிட்டாரை மடியில் மல்லாத்திப் போட்டு, இடது கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வைத்திருந்தாள்.

"நானா, இந்தம்மா என்ன செய்றாங்க?"

முன்ஸிப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "கிட்டாரத் தூங்க வச்சிருக்கா போல. இது வெள்ளக்காரன்ட கன்ட்ரி பாட்டு தங்கச்சி. போட்டுப் பாக்கவா? ஊசி தேஞ்சது, கரகரன்னுதான் கேக்கும்."

கரகரப்புக்கு நடுவே பாட்டு கிளம்பியது. பாடுபவன் மூச்சு வாங்கும் இடங்களில் அந்தக் கிட்டார் எழுந்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போனது. அழுகிற குரல் மாதிரி இருந்தது. அகஸ்டினா நின்றபடியே ஒரு பக்கம் முழுவதும் கேட்டாள்.

"அவ கம்பிய அழுத்தவே இல்ல நானா. சும்மா தேய்க்கிறா" என்றாள். பிறகு தன் இடது கையைப் பார்த்தாள். கட்டை விரலும் மோதிர விரலும் சேர்ந்தால் ஒரு துண்டைப் பிடிக்கலாம்.

மறுபடி போடச் சொல்லிப் போனில் பதிந்துகொண்டாள். தட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"ஊட்ல பிளேயர் இருக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

"படத்துக்கு."

தோட்டத்து டிராக்டர் ஓட்டும் அவள் கணவன் றிச்சர்ட் படத்தை உற்றுப் பார்த்தான். கிட்டாரின் கழுத்தருகே ஒரு மரத்துண்டைச் செருகிக் கம்பிகளை உயர்த்திக் கொடுத்தான். கம்பிமேல் தேய்க்க முதலில் போத்தல் கழுத்து, பிறகு குழாய்த் துண்டு; இரண்டும் சரிவரவில்லை. கடைசியில் டிராக்டரில் பெட்டியைக் கொளுவும் பழைய இரும்புப் பின் ஒன்றைக் கண்ணாடி போலத் தேய்த்துக் கொண்டுவந்தான். சுருதி சேர்ப்பதை அவளே காதால் கண்டுபிடித்தாள். அதற்குள் இரண்டு கம்பிகள் அறுந்தன.

வேலை விட்டு வந்து தினமும் ஒரு மணித்தியாலம் உட்காருவாள். பனி இறங்கும் மாதங்களில் தழும்பு குத்தும், எழும்ப மாட்டாள். "பூனைக்கு என்னக்கா வருத்தம்?" என்று அடுத்த வீட்டு சுஜீவா கேட்பாள். "இன்னும் ரெண்டு மாசத்துல சொகமாயிரும்" என்பாள் அகஸ்டினா. எட்டு மாதம் ஆனது.

ஜீவராஜ் மாஸ்டர் கேட்டுப் பார்க்கவே விரும்பவில்லை. "கோயிலுக்கு இது சரி வராதுக்கா. ஆளுங்க ஏதாவது சொல்லுவாங்க."

"ஒரே பாட்டு கேளுங்க மாஸ்டர். புடிக்கலன்னா நானே தூக்கிட்டுப் போயிர்றேன்."

"பாப்போம்" என்று நழுவினார்.

அவள் விடவில்லை. சனிக்கிழமைப் பயிற்சி ஒவ்வொன்றுக்கும் கிட்டாரோடு வந்தாள். கடைசி வாங்குப் பலகையில் அதை மடியில் கிடத்தி, வாசிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான்கு வாரம் அப்படி. ஐந்தாவது வாரம் மாஸ்டரால் தாங்க முடியவில்லை.

"சரிக்கா, நற்கருணைக்குப் பாடுற அந்த நன்மைப் பாட்ட வாசிங்க."

அவள் வாசித்தாள். பாடகர்கள் இரண்டாவது வரியில் தானாகவே குரலைத் தணித்தார்கள். மாஸ்டர் கீபோர்டின் தாளத்தை நிறுத்தினார். பாட்டு முடிந்ததும், பாட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தார்.

அந்தோனியார் திருநாளன்று ஆலயம் நிரம்பி வாசல்வரை ஆட்கள். அதே பாட்டின் மூன்றாம் சரணத்தில் இரும்பு வழுக்கிச் சுரம் தப்பியது. அகஸ்டினா கையை எடுக்காமல் மெல்ல இழுத்து இடத்துக்குக் கொண்டுவந்தாள். ஆட்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது ஞாயிறு பூசையில் மூன்று பாட்டு அவளுடையது. வேகமான பாட்டுகள் இன்னும் கைக்கு வரவில்லை. வேலை முடிந்து வந்ததும் அவற்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.