காலி அட்டையைக் காட்டி வாங்கிய மாத்திரை

அன்று மருந்துக்கடையில் நானும் கடைக்காரரும் மட்டுமே இருந்தோம். சுவரில் சான்றிதழ் தொங்கியது. அதற்குரிய மருந்தாளுநரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

காசிமேட்டில் மீன்கூடை தூக்கும் அப்பாவுக்குத் தொடையில் படர்தாமரை. டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதிய மாத்திரை தீர்ந்தும் அரிப்பு போகவில்லை. காலி அட்டையை நீட்டி, "டாக்டரைக் கேட்கணுமா?" என்றேன்.

"இன்னாபா, படிச்ச திமிரா? போட்டுகினே இருக்கச் சொல்லு, பூடும்!" என்று புது அட்டையைத் தந்தார் கடைக்காரர். தீரத் தீர அப்படியே வாங்கினேன்.

மூன்றாவது மாதம் அப்பாவின் கண்கள் மஞ்சளாயின. டாக்டர் என்னைத்தான் திட்டினார்: "பூஞ்சையைக் கொல்ற இந்த மாத்திரையை உடைச்சு வெளியேத்துறது கல்லீரல். ரத்தம் பார்க்காம மூணு மாசமா?"

அப்பா பிழைத்தார். "நீ கேட்ட, நான் குடுத்தேன்" என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். 'படிச்ச திமிரா' என்ற அவர் சொல் இன்னும் எரிகிறது. இப்போது டாக்டரின் புதுச் சீட்டில்லாமல் மாத்திரை வாங்குவதில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கட்டியது இருபத்திரண்டாயிரம் ரூபாய்.