மூன்றாவது சுற்று

பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு கொளுத்தும் வெயிலில் சீனக் கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்த உல்லாசப் பயணி உலகத்திலேயே என் சித்தி ஒருவராகத்தான் இருக்கும். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது.

சித்தி அம்மாவின் தங்கை. ஒஸ்லோவில், ரொம்சோஸ் மாடிக் குடியிருப்பில் எங்களோடுதான் இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. முப்பது தாண்டியும் அவருக்குக் கலியாணம் பொருந்தி வரவில்லை என்பதுதான் வீட்டில் பெரிய கவலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கனடா, லண்டன், ஜெர்மனி என்று எத்தனையோ நாட்டு மாப்பிள்ளைகள் அந்தத் தொலைபேசிக்குள் வந்து போய்விட்டார்கள். சித்தி அந்த நேரம் பார்த்துக் குளியலறையைக் கழுவப் போய்விடுவார்.

கடைசியில் மெல்பேர்ணில் ஒருவர் அகப்பட்டார். படம் போயிற்று, படம் வந்தது. நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் சிங்கப்பூர் என்று அப்பா உலகப்படத்தில் விரலை வைத்துக் காட்டினார். விரல் என்னவோ மெல்பேர்ண் பக்கம்தான் நின்றது. பெண் வீட்டுக்காரர் கொஞ்சம் கூடுதலான தூரம் போகத்தான் வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் ஆட்கள் பெண் பார்க்கக் கோயிலைத்தான் சொல்வார்கள். கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகக் கண்டது போல இருக்கும். அம்மாவும் அங்கிருந்த மாரியம்மன் கோயிலைச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் உடன்படவில்லை. கோயிலில் கண்டால் வந்து கதைக்க வேண்டி வரும், பிடிக்காவிட்டால் இரண்டு பகுதிக்கும் சங்கடம். பெண், கோயிலுக்குப் பக்கத்திலுள்ள சீனத் தெருவில் சுற்றுலா வந்தவள் போல நடக்கட்டும், நாங்கள் ஏதாவது மாடித் தேநீர்க் கடையிலிருந்து பார்த்துக்கொள்கிறோம், பதிலைத் தொலைபேசியில் சொல்கிறோம் என்றாராம். சாதாரண உடுப்புப் போதும் என்றும் சொல்லியிருந்தார். அம்மாவுக்குச் சாதாரணம் என்றால் பட்டுச் சேலையும் ஒற்றைச் சங்கிலியும்.

இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேட்டு அறிந்தவை. அன்று எனக்குச் சொல்லப்பட்டது கொஞ்சம்தான்.

"சித்தியின்ரை கையை விடாதை. தெருவிலை ஆரோடையும் கதைக்கக் கூடாது. மூண்டு தரம் போய் வந்தால் காணும்," என்றார் அம்மா. அவரும் அப்பாவும் கோயில் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

தெரு முழுக்கச் சிவப்புக் கூண்டு விளக்குகள் தொங்கின. காய்ந்த வேர்களும் காளான்களும் நிரம்பிய மருந்துக்கடை, இனிப்பும் இறைச்சியும் கலந்த ஒரு புகை மணம், முதுகில் குச்சியால் உரசினால் கத்துகிற மரத் தவளைகள். ஒவ்வொன்றிலும் நிற்க எனக்கு ஆசை. சித்தி நிற்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பை வைத்துக்கொண்டு நடந்தார். தவளையைக் காட்டினேன். "ம்" என்றார். அந்தச் சனத்துக்குள் என்னோடு கதைக்க ஒருவரும் இல்லை. எனக்கு அழுகை வந்தது.

முதல் சுற்று முடிவதற்குள் சேலைக் கொசுவம் நழுவுகிறது என்று சித்தி ஒரு விசிறிக் கடைக்குள் ஒதுங்கினார். என்னை வாசலில் நிற்கச் சொன்னார். அப்போது தலை நரைத்த ஒரு அம்மாவும் நீலச் சட்டைக்காரர் ஒருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள்.

"பிள்ளை, ஒஸ்லோவிலையிருந்தே வந்தனீங்கள்?" என்று அந்த அம்மா கேட்டார்.

கதைக்கக் கூடாது என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் தலையைத் தடவினார். நீலச் சட்டைக்காரர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். சித்தி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, கொசுவத்தோடு போராடிக்கொண்டிருந்தார்.

"போவம் அம்மா," என்றார் அவர்.

இருவரும் தெருமுனையில் ஒரு டாக்சியை மறித்து ஏறினார்கள். அந்த அம்மா கண்ணாடிக்குள்ளிருந்து எனக்குக் கை காட்டினார். அன்று என்னோடு ஆசையாகக் கதைத்த ஒரே ஆள் போய்விட்டாரே என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவர்கள் போய்விட்டது சித்திக்கும் தெரியாது, அம்மா அப்பாவுக்கும் தெரியாது.

சித்தி சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தார். இரண்டாவது சுற்று நடந்தோம். மூன்றாவது சுற்றில் அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. மாடி யன்னல்களின் பக்கம் ஒருதரம் கண்ணை உயர்த்திவிட்டு உடனே தாழ்த்திக்கொண்டார். மேலே ஒரு சீனக் கிழவர் பனியனோடு நின்று பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சரிவராது என்ற பதில், நாங்கள் ஒஸ்லோவுக்குத் திரும்பி, பள்ளிக்கூடமும் தொடங்கிய பிறகு வந்தது. அப்பா தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். அடுத்த நாள் காலை சித்தி வழக்கம் போல எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். வெளியே இன்னும் விடியவில்லை.

"மூண்டாந்தரம் நான் வேகமாய் நடந்திட்டனோ?" என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன்.

"இல்லை சித்தி. மூண்டாந்தரம்தான் வடிவாய் நடந்தனீங்கள்."

"சேலைத் தலைப்பாலை வேர்வை துடைச்சனான். அதைப் பாத்திருப்பினம்."

அவர் சொன்னது அந்தத் தெருவின் கடைக்காரச் சீனர்களை என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் பார்த்தால் என்ன, அவர்களும்தானே துடைத்தார்கள் என்றேன். சித்தி, பின்னி முடித்த தலையை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னத் தொடங்கினார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்று எனக்குக் கோபம் வந்தது.