எங்கிருந்தோ ஒரு விசில்

கொழும்பு வெள்ளவத்தைத் துஷாந்தினிக்கு, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை. நாற்பத்தொரு வயது. பாட்டுப் பைத்தியம். பஸ்ஸில் இயர்போன், சமையலறையில் ஸ்பீக்கர், கச்சேரி என்றால் முன்வரிசை.

போன மாசியில் ஒரு மெல்லிசை நிகழ்ச்சி. பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் அருகில் மூன்று மணி நேரம் நின்று ஆடினாள். வெளியே வந்தபோது ஆட்டோக்காரர் பேசியது காதில் பஞ்சை அடைத்தாற்போல் கேட்டது. மறுநாள் காலையில் விசில் தொடங்கியது.

"இஞ்சேருங்கோ, ஃப்ரிட்ஜ் கத்துது."

கணவன் உமாசுதன் ஃப்ரிட்ஜை நிறுத்தினான். பிறகு மின்விசிறியை. விசில் நிற்கவில்லை.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லையப்பா."

"இவ்வளவு பலமாக் கேக்குது, உங்களுக்கு எப்பிடிக் கேக்காமல் போகும்?"

மேல்மாடி வீட்டுக்குப் போய், ஏதும் மெஷின் ஓடுகிறதா என்று விசாரித்தாள். அந்த வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் 'அசையாச் சொத்து' என்று சட்டத்தரணி சொன்னதை 'அசையும் சொத்து' என்று அடித்துவிட்டாள். ஏச்சு விழுந்தது. சட்டத்தரணி ஐயாதான் இப்போது வாய்க்குள் கதைக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

மூன்று வாரம் கழித்துக் காது டொக்டர் ஸமீமா சோதித்துப் பார்த்தார்.

"சத்தம் வெளிய இல்ல, ஒங்கட காதுக்குள்ளதான். உள்காதுல சத்தத்த உணருற, மயிர் மாதிரிச் சின்னக் கலங்கள் இருக்கு. பெரிய சத்தத்துல பழுதானா திரும்ப முளைக்காது. விசில் குறையலாம், குறையாமலும் இருக்கலாம்."

"அப்ப இனிப் பாட்டுக் கேக்கக்கூடாதோ?"

"தாராளமாக் கேளுங்க. ஃபோன்ல சத்தத்தப் பாதிக்கு மேல வெக்க வாணாம், இடைக்கிடை காதுக்கு ஓய்வு குடுங்க. கச்சேரில ஸ்பீக்கருக்குத் தூரமா இருந்து காதடைப்பான் போடுங்க."

காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பதா? அவளுக்குப் பிடிபடவேயில்லை.

சித்திரையில் பம்பலப்பிட்டியில் ஒரு கச்சேரி. நடுவரிசையில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி அடைப்பானைச் செருகினாள். மிருதங்கம் தணிந்தது. பாடகியின் குரல் காணாமல் போகுமென்று பார்த்தால், வரிகள் தனித்தனியாகத் தெளிந்து வந்தன. ஒன்றைக் கழற்றிப் பார்த்தாள், இரைச்சல் அடித்தது. மறுபடி செருகினாள். குறைவாகக் கேட்கிறதா, கூடுதலாகவா?

இடைவேளையில் பக்கத்து இருக்கை அம்மா அவள் காதிலிருந்த அடைப்பானைப் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டார்: "என்ன பிள்ளை, கச்சேரி பிடிக்கேல்லையோ?"

"நல்லாப் பிடிச்சிருக்கு அன்ரி. அதுதான் அடைச்சிருக்கிறன்."

அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. சொன்னவளுக்கும் முழுதாக விளங்கவில்லை.