மருதாயி துடைத்த கண்ணாடி

முதல் வாரம் அந்தக் குழாயைக் கையில் எடுத்தாலே மருதாயிக்குப் பயம். சாண் நீளச் சாமான்தான். ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடி, அதன்மேல் ஒரு மூடி. மறுமுனையில் கண் வைத்துப் பார்க்கும் துளை. ஆறவைத்த ஜாமில் ஒரு சொட்டைக் கண்ணாடிமேல் விட்டு, மூடியை அமுக்கி, வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பினால் உள்ளே ஒரு வட்டம். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேர்கிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் இனிப்பின் அளவு. அறுபத்தெட்டைத் தொட்டால் அடுப்பை அணைக்கலாம். பெயர் ரிஃப்ராக்டோமீட்டர். அதைச் சொல்லிப் பழகுவதற்குள் ஒரு சட்டி ஜாம் காய்ச்சிவிடலாம் என்று ஷெட்டில் எல்லாரும் குழாய் என்றே சொன்னார்கள்.

சிலோனில் கொழுந்து பறித்த கை அவளுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, நீலகிரியில் ஓவேலிக்கு வந்து சேர்ந்த புதிது. புருஷன் எல்லப்பனுக்கு எஸ்டேட்டில் கூலிவேலை. அவளுக்குக் கூடலூர்ச் சாலையோரம் ஒரு சின்ன ஜாம் ஃபாக்டரியில். கோயமுத்தூர்க்காரரான சூப்பர்வைசர் ஏகநாதன், இவளுக்குக் கண் கூர்மை, எண்ணும் படிக்கிறாள் என்று பார்த்து, அடுப்போடு குழாயையும் ஒப்படைத்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

குழாயிலும் இரண்டு வகை இருந்தது. பிழிந்த சாற்றுக்கு உள்ளதில் எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும். ஜாமுக்கு உள்ளதில் ஐம்பத்தெட்டுக்குக் கீழே எண்ணே கிடையாது. மாற்றி எடுத்தால் வட்டம் முழுக்க ஒரே நிறம். கோட்டைத் தேடிக் கண் பூத்துப்போகும். மருதாயியும் ஒருநாள் பூத்து நின்றவள்தான். இதே அளவை எடுக்க மேசைமேல் நின்ற பெரிய கருவி மட்டும் ஏகநாதனின் தனிச் சொத்து. அதன் பக்கம் யாரும் மூச்சுவிடக்கூடாது.

ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அன்னாசி வண்டி வண்டியாக வந்து இறங்கிய நேரம் பார்த்து ஜாம் காலை வாரியது. பாட்டிலைச் சாய்த்தால் ஓடியது. சிலவற்றில் பூஞ்சை. சர்க்கரை குறைந்தால்தான் இப்படி ஆகும். கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். எல்லாமே மருதாயி காய்ச்சியவை. ஸ்டோரிலிருந்து சர்க்கரை வாங்கிவந்து சட்டியில் கொட்டுகிறவளும் அவளே. ரேஷன் கடையில் சர்க்கரைக்கு அடிதடி நடக்கிற காலம். எந்தப் புண்ணியவதி முதலில் வாயைத் திறந்தாளோ, மத்தியானச் சோற்றுக்குள் ஷெட் முழுக்கப் பரவிவிட்டது: சிலோன்காரி சர்க்கரையை ஒதுக்குகிறாள்.

அன்று சாயங்காலம் எல்லப்பன் கொதித்தான்.

"கள்ளிப் பட்டம் வாங்கிக்கிட்டு இங்க இருக்க வேணாம் புள்ள. பந்தலூர்ல அண்ணன் இருக்கு. நாளைக்கே போயிருவோம்."

"போனா, எடுத்தது நெசமுன்னு ஆயிரும்ங்க. நாளைக்கு ஒரு நாள் வேலைக்குப் போயிட்டு வாரேன்."

சிலோனில் இருந்தபோது நீ இந்த நாட்டாள் இல்லை என்றார்கள். இங்கே வந்தால் திருடி என்கிறார்கள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் ஏகநாதன் அவள் சட்டியருகிலேயே வந்து நின்றார். மற்றப் பெண்கள் அன்னாசி நறுக்குவதைவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் குழாயைக் கழுவி, தன் கைத்துணியால் துடைத்து, கரண்டியில் ஆறவைத்த சொட்டை விட்டுப் பார்த்தார். அறுபத்தைந்து.

"நீ பாரும்மா."

மருதாயி குழாயைக் கழுவி, எப்போதும்போல முந்தானையால் பதமாகத் துடைத்தாள். அதே கரண்டி, அதே ஜாம். அறுபத்தெட்டு. ஏகநாதன் பிடுங்கிப் பார்த்தார். அவர் கண்ணுக்கும் அறுபத்தெட்டு!

ஒரே சட்டிக்கு இரண்டு கணக்கா? அவர் தலையைச் சொறிந்தார். பிறகு கண்ணாடிமேல் இருந்த சொட்டை விரலால் வழித்து நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"ஏம்மா, ஜாமுல உப்புப் போட்டியா?"

"ஐயோ, இல்லீங்க ஐயா!"

அவர் பார்வை முந்தானைக்குப் போனது. நுனியில் ஒரு முடிச்சு. "அதுல என்னம்மா கட்டி வெச்சிருக்கற?"

பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். மாட்டிக்கொண்டாள் என்று ஒருத்தி சொன்னதுகூடக் காதில் விழுந்தது. மருதாயி முடிச்சை அவிழ்த்தாள். மழையில் பாதி கரைந்த கல்லுப்பு.

"அட்டைக்குங்க ஐயா. தேயிலைக்குள்ள குறுக்கால நடந்து வாரேன். கால்ல ஏறுனா ஒரு கல்லு வெச்சாப் போதும், உதிர்ந்துரும். கண்டிச் சீமையிலேருந்தே பழக்கம்."

மற்றவர்கள் பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்களுக்கு அட்டையும் இல்லை, உப்பும் இல்லை. ஏகநாதன் ஓடிப்போய்ச் சாற்றுக் குழாயை எடுத்துவந்தார். சுத்தத் துணியால் துடைத்து வெறும் தண்ணீரை விட்டார். கோடு பூஜ்யத்தில் நின்றது. முந்தானையால் துடைத்து, அதே தண்ணீரை விட்டார். கோடு இரண்டுக்கு ஏறியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"வெறும் தண்ணிக்கு இனிப்புக் காட்டுது பாரு! இதுக்குச் சர்க்கரை எது, உப்பு எதுன்னு தெரியாதும்மா. கரைஞ்சது எதுவானாலும் வெளிச்சத்தை வளைக்கும். இது வளைஞ்ச அளவைத்தான் சொல்லும். உன்ற உப்பையும் சேர்த்து அறுபத்தெட்டுன்னு சொல்லியிருக்குது. நீயும் அடுப்பை முன்னாலயே அணைச்சிருக்கற. துணியில தொடைன்னு சொன்னவன், எந்தத் துணின்னு சொல்லாம விட்டுட்டேன்."

அந்த நீளமான வாய் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. அவர் வாசற்படியில் ஏறி நின்று, கடைசி மேசைவரை கேட்கக் கத்தினார்: "எல்லாரும் கேட்டுக்குங்க! சர்க்கரையை யாரும் எடுக்கலை. மருதாயி எடுக்கலை!"

மருதாயி அன்னாசிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். முதல்நாள் வராத அழுகை இப்போது வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. துடைப்பதற்கென்று ஒரு வெள்ளைத் துணியை ஏகநாதன் அப்போதே கிழித்துக் கொடுத்தார். உப்பு முடிச்சை அவள் விடவில்லை. அட்டை அவளை விட்டால்தானே!

வீடு திரும்பினால் எல்லப்பன் மூட்டை கட்டி, கயிறு போட்டு இறுக்கி, வாசலில் வைத்திருந்தான். அவள் குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்ன புள்ள?"

"நான் எடுக்கலைன்னு அவரே சொல்லிட்டாருங்க. சத்தம் போட்டுச் சொன்னாரு. எல்லாரும் கேட்டாங்க."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

எல்லப்பன் அவள் கையை விலக்கிவிட்டு, மீதிக் கயிற்றைத் தானே அவிழ்த்து, சோற்றுப்பானையைத் தேடி எடுத்து உலை வைத்தான்.