வரைகருவிப் பெட்டியில் ஓர் ஊசி

காதர் மாமாவின் காருக்கு வேண்டிய ஊசியைப் பதினொரு வாரம் நான் ஒளித்து வைத்திருந்தேன். தொலைக்கவில்லை, மறக்கவில்லை. தெரிந்தே ஒளித்தேன்!

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்.

தையல் ஊசி என்று நினைத்துவிடாதீர்கள். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரும் துளையை அளவோடு அடைக்கும் பித்தளைத் துண்டு அது. ஓர் அங்குலம்கூட இராது. தேய்ந்துவிட்டால் பெட்ரோல் நிற்காமல் வழியும், வண்டி ஓடாது. மாமாவினுடையது போருக்கு முந்திய சீமைக் கார். அதற்குரிய சாமான்கள் கப்பலில் வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது.

மாமா எங்கள் எதிர்வீடு. அந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் அவர் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டார்கள். நானோ பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போகக் கூடாது என்பது அப்பாவின் தீர்ப்பு. மாமாவின் கார் ஓடாமல் நின்றதும், அளவு பார்த்துச் சாமான் தேடத் தெரிந்தவள் நான்தான் என்று அப்பாவே மனம் இறங்கினார்.

"காதருக்குன்னா போயிட்டு வா. வியாழக்கிழமை மட்டும். பொழுது சாயறதுக்குள்ள வந்து சேரணும்."

உடனே பட்டியல் போட்டேன். வேண்டியவை மூன்று: ஊசி, ஜெட் எனும் துளைத்திருகு, வாஷர். தேட வேண்டிய ஊர்கள் ஒன்பது. வாஷரை அட்டையில் நானே வெட்டினேன். ஜெட் முதல் வியாழனன்று திண்டுக்கல்லிலேயே கிடைத்தது. இரண்டாம் வியாழன் வத்தலக்குண்டில் ஒரு பழைய இரும்புக் கடை. சிகரெட் டப்பாவில் ஆணிகளோடு ஆணியாக ஊசி கிடந்தது! அளந்து பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை.

மகிழ்ந்தேனா? திரும்பும் பேருந்தில் பட்டியலைப் பிரித்தேன். கோடு அடிக்கப்படாத ஏழு ஊர்கள் மிச்சமிருந்தன… ஏழு வியாழக்கிழமைகள்!

ஊசியை என் வரைகருவிப் பெட்டியில், காம்பஸ் முனைகள் வைக்கும் குழியில் போட்டேன். யார் பார்த்தாலும் அதுவும் ஒரு முனை என்றே எண்ணுவார்கள்.

"கெடச்சுச்சா தாயி?"

"இல்ல மாமா."

"போகுது விடு. இம்புட்டு வெயில்ல அலைஞ்சுட்டு வார, செத்த உக்காரு."

மாமி டீயை நீட்டியபடி சிரிப்பார். "ஏ புள்ள, இப்படியே அலைஞ்சு கறுத்துப் போனா, உன்னயப் பொண்ணு பாக்க மாப்பிள்ளை வரமாட்டான், மெக்கானிக்குதான் வருவான்!"

நானும் சிரித்தேன். எப்படிச் சிரிக்க முடிந்தது?

மூன்றாம் வாரமே மாமா தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சுண்ணாம்புத் தொட்டிக்குள் கைவிட்டு ஆட்டுத்தோல்களைப் புரட்டும் வேலை. ஸ்டியரிங் பிடித்த விரல்கள் வாரத்துக்கு வாரம் வெந்து, வெளுத்து, தோலுரிந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வியாழனுக்கு ஊர் குறித்தேன்! ஒன்பது ஊர்களும் தீர்ந்தபின் நானே நான்கைச் சேர்த்தேன்.

அந்த வியாழக்கிழமைகளில் நான் ஆனந்தமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைக்காரர்கள் என்னிடம் அளவு கேட்டார்கள். நான் சொன்னதை நம்பினார்கள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு லேத் பட்டறை முதலாளி ஊசிக்கு நான் வரைந்திருந்த அளவுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, இத நீங்களே வரைஞ்சீங்களா? நம்ம பட்டறைக்கே வந்துருங்களேன்!"

பன்னிரண்டாம் வியாழன் மாலை, மாமாவின் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவி விழுந்தது. சூடு தெரியவில்லை என்றார்.

மறுவாரம் ஊசி "கிடைத்தது".

மாட்டும்போது அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. மூன்று முறை விரல்களுக்கிடையே நழுவியது. "தொட்டாத் தெரிய மாட்டேங்குது தாயி. நீயே போட்டுரு." போட்டேன். கைப்பிடியைச் சுழற்றிய முதல் சுற்றிலேயே என்ஜின் பிடித்தது. தெருவே கூடியது. மாமா நேரே அப்பாவிடம் போனார்.

"இந்த ஊசியவே தேடிப் புடிச்ச புள்ள மச்சான். இதப் போயி வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டலாமா? பட்டறையில கூப்புடுறாகள்ல, அனுப்பு!"

அப்பா அனுப்பினார்.

நான்கு ஆண்டுகளாக அந்தப் பட்டறையில்தான் இருக்கிறேன். என் மேசை, என் அளவுகோல்கள், லேத் சுழல எழும் எண்ணெய் வாசனை… நிறைவான வாழ்க்கை. வருந்துகிறேன், உண்மை. ஆனால் மீண்டும் அந்த வத்தலக்குண்டுப் பேருந்தில் என்னை ஏற்றிவிட்டால்? வேறு விதமாக நடப்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் மாமா சிறுமலை வாழைப்பழத்தோடு பட்டறைக்கு வந்தார். ஊசி மறுபடி தேய்ந்துவிட்டதாம். "திரும்பவும் அலைய வேண்டியதுதான் தாயி."

மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஓய்வு நேரத்தில் நானே கடைந்து வைத்த மூன்று ஊசிகள் அங்கே இருந்தன. ஒன்றை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.

"அடேயப்பா! அன்னைக்குப் பதிமூணு வாரம், இன்னைக்கு ஒரு நிமிஷமா!"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் இழுப்பறையை மூடினேன்.

அவர் ஊசியை விரலால் எடுக்கவில்லை. உள்ளங்கையைச் சாய்த்து, சட்டைப் பைக்குள் உருட்டிவிட்டுக்கொண்டார்.