நோட்டுல அடிச்ச பேரு

என் வாயாலதான் நான் கெட்டேன். எப்படிச் சுத்தி வளைச்சுச் சொன்னாலும் கடைசியில இங்கதான் வந்து நிக்கும், அதனால முதல்லயே சொல்லிடறேன்.

பழவேற்காடு ஏரியில நினைச்ச நேரத்துல நினைச்ச இடத்துல எறா வலை கட்ட முடியாது. எந்தக் குழு எந்த நாள் எந்த இடத்துல கட்டணும்னு ஊரே உட்கார்ந்து முறை வெச்சிருக்கு. அதுக்குப் பேரு பாடு. கல்யாணம் ஆன ஆம்பளைக்கு ஊர் நோட்டுல ஒரு பேரு. அந்தப் பேரு இருந்தா முறை வர்ற அன்னிக்கு ஏரி உன்னுது. இல்லேன்னா எவன் படகுலயாச்சும் கூலிக்கு ஏறலாம், அதுவும் கூப்பிட்டாத்தான். என் கல்யாணம் முடிஞ்ச மறுமாசம் என் பேரை எழுதினாங்க. நைனா அன்னிக்கு ஊர்க் கூட்டத்துல இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு.

பேரு வந்ததுமே எனக்குத் திமிரும் வந்துச்சு. கொஞ்ச நாள்லயே என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், கூட்டத்துல வந்து நின்னான். சென்னையில அடுக்குமாடி கட்டற எடத்துல சாரம் கட்டற வேலைக்குப் போனவன். கயிறு முடிச்சு எங்க ஆளுங்களுக்குச் சொல்லியா தரணும்? நல்லா கட்டினான். போறப்போ பேரை அடிச்சிடுங்கன்னு அவனே சொல்லிட்டுப் போனான். கட்டடம் பாதியில நின்னுச்சு, இவன் திரும்பி வந்தான். "மறுபடியும் எழுதிக்கோங்கப்பா"ன்னு கேட்டான்.

ஏரியில அப்பவே எறா குறைஞ்சிருந்துச்சு. முகத்துவாரம் மணல் அடைச்சு தண்ணி உள்ள வரல. இன்னொரு பேரு ஏறினா என் முறை தள்ளிப் போகும். எனக்கு அது ஒண்ணுதான் தெரிஞ்சுது. எழுந்து நின்னு கத்தினேன்: "ஒரு காலு படகுல, ஒரு காலு பஸ்ஸுல வெக்கறவனுக்கு இன்னாத்துக்குப் பாடு? போனவன் போனவன்தான்!" எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் திரும்பத் திரும்பக் கெஞ்சினான். எனக்கு எரிச்சல். "பேரு இல்லாதவன் கூட்டத்துல வாய் திறக்கக் கூடாதுன்னும் சேர்த்து எழுதுங்க"ன்னேன். ரெண்டையும் நோட்டுல எழுதிட்டாங்க. அன்னிலேருந்து பேரு இருக்கறவன் கோயில் வாசல் மணல்ல உட்காருவான். இல்லாதவன் பின்னாடி, வலை காயப்போடற கம்பத்துகிட்ட நிப்பான். அண்ணன் அங்க போய் நின்னான்.

அப்புறம் எனக்கு ரெண்டு பொண்ணுங்க பொறந்துச்சு. ஏரி இன்னும் மோசமாச்சு. விடிய விடிய வலை கட்டினா குழம்புக்குத் தேறும், அவ்ளோதான். நானும் பஸ் ஏறினேன். ஆனா பேரை விடல. அதுல உஷாரா இருந்தேன்.

முதல்ல கன்டெய்னர் யார்டுல ஹெல்பர். பாடு முறை வர்ற அன்னிக்கு லீவு சொல்லணுமே, சாவுன்னு சொல்லிடுவேன். என் மாமனாரையே மூணு தபா சாகடிச்சேன். மூணாவது தபா சூப்பர்வைசர் கேட்டான், "இன்னாய்யா, உங்க ஊட்ல செத்தவங்க மறுபடி எழுந்து வர்றாங்களா?" அத்தோட அனுப்பிட்டான். மாமனாரு இன்னிக்கும் கல்லு மாதிரி இருக்காரு.

அடுத்தது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி. அனுப்பம்பட்டு வந்து ரயில் பிடிச்சு, அங்கேருந்து இன்னும் ரெண்டு வண்டி மாறிப் போவேன். என் வயசுல பாதி இருக்கற பசங்களுக்கெல்லாம் சல்யூட் அடிச்சேன், அது கூடப் பரவால்ல. முறைக்குன்னு ரெண்டு தபா ஊருக்கு வந்துட்டேன், என் சட்டையை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அப்புறம் சோத்துப் பொட்டலம் கொண்டு போற வேலை. அங்க லீவு கேக்க வேணாம், நிம்மதின்னு நினைச்சேன். ஒருநாள் காலையில போன்ல அந்த ஆப் திறக்கவே இல்ல. எதுக்குன்னு கேக்க ஒரு ஆள் இல்ல, சண்டை போடக்கூட ஒரு மூஞ்சி இல்ல. போனைப் பார்த்துத் திட்டிக்கிட்டே ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாத்தான் ஒரு கார் பாகம் செய்யற கம்பெனி. கான்ட்ராக்ட் ஆளுதான், ஆனா வேலை எனக்குப் பிடிச்சுது. கை சுத்தமா ஓடுச்சு. ஒரு வருஷம் லீவு இல்லாம வந்தா பர்மனன்ட் லிஸ்ட்ல சேர்ப்போம்னு கான்ட்ராக்ட்காரன் சொன்னான். அதே நேரத்துல ஊர்ல என் குழு ஆளுங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. "உன் கையில்லாம வலை கட்டறது பேஜாரா இருக்கு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

பேரை அடிச்சிடச் சொல்லப் போறேன்னு வூட்ல சொன்னேன். ராத்திரி சோறு போடறப்போ வூட்டுக்காரி கேட்டா:

"கம்பெனில குடுத்த காயிதத்தைக் காட்டு பாப்போம்."

"இன்னும் குடுக்கல. குடுப்பாங்க."

"அவன் ஒண்ணும் எழுதிக் குடுக்கல. நீ மட்டும் இன்னாத்துக்குய்யா உன் பேரை அடிச்சுக் குடுக்கற?"

"உனக்கு இன்னா தெரியும்"னு தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டேன். அந்தக் கேள்வி இன்னிக்கும் என் காதுலயே இருக்கு.

அடுத்த கூட்டத்துல நானே கேட்டுப் பேரை அடிக்கச் சொன்னேன். ஊர்த் தலைவர் ஸ்கேல் வெச்சு நீல மையில கோடு போட்டாரு. பின்னாடி கம்பத்துகிட்ட நின்ன அண்ணன் என்னையே பார்த்துட்டிருந்தான். நான் அந்தப் பக்கம் திரும்பல.

பதினோரு மாசம். ஜுரத்தோட போனேன், சின்னவளுக்குக் கை உடைஞ்ச அன்னிக்கும் போனேன். வருஷம் முடிய இன்னும் மூணு வாரம் இருக்கறப்போ வாட்ஸாப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. நீங்க வேலை செய்யற லைனை மூடறோம், நாளையிலேருந்து வர வேணாம்னு. நம்பாம மறுநாளும் போனேன். கம்பெனி வேன் நிக்கற எடத்துல என்னை மாதிரி ஏழெட்டு பேர் டிபன் பாக்ஸோட நின்னுட்டிருந்தானுங்க. வேன் வரல. ஒருத்தன் அங்கேயே உட்கார்ந்து டிபனைத் திறந்து சாப்பிட ஆரம்பிச்சான். எனக்கு அழுகை வந்துடுச்சு.

ரெண்டு மாசம் அலைஞ்சேன். போன எடமெல்லாம் ஒரே கேள்வி, வயசு இன்னா? நாப்பத்திரண்டுன்னா அடுத்த ஆளைப் பார்த்தாங்க. குடோன், ஆஸ்பத்திரி, துணிக்கடை, எங்கேயும் நான் கிழவன். ஏரிக்கு மட்டும்தான் நான் இன்னும் வாலிபன். எங்க ஊருக்கு முன்னாடியே, திருப்பாலைவனத்துல பஸ்ஸை விட்டு இறங்கி, ரொம்ப நேரம் ரோட்டோரமே நின்னேன். ஊருக்குள்ள போக மூஞ்சி இல்ல.

அன்னிக்குச் சாயங்காலம் கூட்டத்துல போய் விழுந்தேன். விழுந்தேன்னா, மணல்லயே விழுந்தேன். பேரு இல்லாத நான் வாய் திறக்கக் கூடாதுதான், ஆனாலும் திறந்தேன். "தப்பு பண்ணிட்டேன், பேரை எழுதிக்கோங்க, ரெண்டு பொண்ணு இருக்குது"ன்னேன். தலைவர் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் படிச்சாரு. போனவன் போனவன்தான். என் வார்த்தை, அப்படியே. படிச்சுட்டு நோட்டை மடியில வெச்சுக்கிட்டுக் கேட்டாரு, "யாராச்சும் இவனுக்காகப் பேசறீங்களா?"

என் குழுவுல இருந்தவங்க மணலைக் கீறிட்டிருந்தாங்க. என் மச்சான் போனைப் பார்த்துட்டிருந்தான். எனக்குக் கோவம் வரல. அவங்க முறை தள்ளிப் போகும்ல? அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா?

அப்போ பின்னாடியிலேருந்து ஒரு குரல்.

"ஒரு தபா விடுங்கப்பா. பொண்ணுங்க இருக்குது அவனுக்கு. ஏரியை விட்டா அவன் எங்க போவான்?"

அண்ணன். பதினஞ்சு வருஷமா அந்தக் கூட்டத்துல ஒரு வார்த்தை பேசாதவன். இப்போ மீன் ஏலம் போடற எடத்துல ஐஸ் தூக்கறான், தோள்பட்டையில தோல் கறுத்துப் போயிருக்கும்.

தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கல. சத்தமும் போடல. "நீ பேசக் கூடாது, உனக்கே தெரியும்"னாரு. நோட்டை மூடிட்டாரு.

எனக்காகப் பேசினது அந்த ஊர்ல ஒரே ஒருத்தன். அவன் பேச்சு செல்லாதுன்னு எழுத வெச்சவனும் நான்தான்.

எழுந்து, ஒட்டின மணலைத் தட்டிட்டு, பின்னாடி போனேன். கம்பத்துல காஞ்சுட்டிருந்த வலையோட நிழல்ல நின்ன அண்ணன், கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.